"எனக்குத் தெரியாது" என்று ஒரு விசுவாசி சொல்லலாமா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2023, இரவு 9.40

எங்கள் சபையின் செல் குரூப்பில் (சிறு ஜெபக் குழுவில்) ஓர் அம்மா கேட்டார்: "என் மகனுக்கு இந்த வயசுல ஏன் கேன்சர்?" நடத்துகிறவர் "எனக்குத் தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வேதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. தலைவரே இப்படிச் சொன்னால் ஆடுகள் எங்கே போகும்? இது விசுவாசக் குறைச்சல் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

4 மார்ச், காலை 8.05

ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இதைப் படித்தேன். பிரதர், அந்த செல் லீடர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் அவர் பக்கம்தான். பெற்ற மகனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கும் தாயின் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல நிறைய விசுவாசம் வேண்டும். வாயில் வந்த ஒரு காரணத்தைச் சொல்லி ஜெபத்தை முடித்துவிடுவது அதைவிடச் சுலபம்.

எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது என்கிறீர்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை எடுத்துப் பாருங்கள். "நம்முடைய அறிவு குறைவுள்ளது." ஊர் ஊராய்ச் சபை நாட்டின மனுஷன் தன்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். அதே அதிகாரத்தில், "இப்பொழுது நான் குறைந்த அறிவுள்ளவன்" என்று இன்னும் நேராகவே சொல்கிறார். அவருக்கு விசுவாசம் குறைச்சல் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம்.

4 மார்ச், மாலை 5.30

தூங்கி எழுந்தும் இதே நினைப்பு. இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி மகள் பிறவியிலேயே காது கேளாதவள். பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் செய்யும் கேட்டல் சோதனையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு மரபணுச் சோதனை. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு. அப்பா அம்மா இருவரிடமும் பழுதான பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று. அதனால் அவர்கள் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காது கேளாமல் போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டர் தாளில் நாலு கட்டம் போட்டு ஒரு கட்டத்துக்கு மட்டும் மை தீட்டிக் காட்டினார். நானும் கூட இருந்தேன். தம்பி மனைவி அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இது ஏன் இவளா இருக்கணும்?" என்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார். "அது எனக்குத் தெரியாது" என்றார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, காதுக்குள் கேட்கும் கருவி வைக்கிற காக்லியர் ஆப்பரேஷனை எத்தனை மாதத்தில் செய்யலாம் என்று கேட்டாள்.

பிறகு வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர் தனக்குத் தெரியும் என்றார். தலைமுறைச் சாபம். "உங்க பக்கம் தாத்தா காலத்துல என்ன நடந்துச்சுன்னு விசாரிங்க." அன்று ராத்திரியே தம்பி மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள பெரியம்மாவை எழுப்பி விசாரிக்க ஆரம்பித்தாள். ஒரு பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். பாட்டன் பெயர், பங்காளியோடு வரப்புத் தகராறு, திருப்பிக் கொடுக்காத கடன், யாரோ ஒருவருக்கு இரண்டாம் தாரம். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் வரிசையாக எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. அடுத்த பெயரைத் தேடினாள்.

அவளை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது டாக்டருடைய பதில் இல்லை.

6 மார்ச், மதியம் 1.20

யோவான் 9-ஐ ஒருவர் கேட்டிருக்கிறார். பிறவிக் குருடனைக் குறித்து, "யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு காரணம் சொன்னாரே, தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்று. பிறகு காரணமே சொல்லக்கூடாது என்கிறீர்களே, என்கிறார்.

காரணம் சொன்னவர் இயேசு. அவருக்குத் தெரியும், சொன்னார். அங்கே கேள்வி கேட்ட சீஷர்களின் இடத்தில்தான் நாம் இருக்கிறோம். இரண்டு யூகம் கையில் வைத்திருந்தார்கள், இரண்டுமே இல்லை என்றார். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். "பகற்காலமிருக்குமட்டும்" தம்மை அனுப்பினவருடைய கிரியைகளைச் செய்யவேண்டும் என்கிறார். உடனே குனிந்து தரையில் துப்பி, சேறுண்டாக்கி, அவன் கண்ணில் பூசுகிறார். சீஷர்கள் அந்த மனுஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அவனைத் தொட்டார்.

6 மார்ச், இரவு 10.45

"மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள்" என்ற வசனத்தை உங்கள் கணவர் ஏடிஎம் பின் நம்பருக்குச் சொல்கிறாரா, சிஸ்டர்! சிரித்துவிட்டேன். அவருக்கு உபாகமம் 29:29-இன் பின்பாதியை வாசித்துக் காட்டுங்கள். "வெளிப்படுத்தப்பட்டவைகளோ... நமக்கும் நம்முடைய பிள்ளைகளுக்கும் என்றென்றைக்கும் உரியவைகள்."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பின்பாதி நம்முடைய இந்த உரையாடல் இழைக்கு ரொம்ப முக்கியம். வெளிப்படுத்தப்பட்டவை எதற்கு? "செய்யும்படிக்கு" என்று அதே வசனத்தில் இருக்கிறது. வியாதிக்காரனை விசாரி, துக்கப்படுகிறவனோடு அழு, விதவையை விட்டுவிடாதே. இதில் மறைவானது ஒன்றுமில்லை.

9 மார்ச், காலை 7.50

தலைமுறைச் சாபம் வேதத்தில் இருக்கிறது என்று யாத்திராகமம் 20:5-ஐ மூன்று பேர் போட்டிருக்கிறீர்கள். பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர். சரி. அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருக்கிறது. எசேக்கியேல் 18-ஐயும் திறந்து பக்கத்தில் வையுங்கள். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஜனங்கள் பழமொழி சொல்லித் திரிந்தபோது, இனி அதைச் சொல்லாதீர்கள் என்று கர்த்தர் தடுக்கிறார். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறார்.

இரண்டும் வேதம். இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வசனத்தை மட்டும் உருவி எடுத்து, பால் கொடுக்கிற தாயின் மடியில் போட யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

13 மார்ச், மாலை 6.10

"தெரியாது என்பது சோம்பேறிகளின் பதில். இப்படியே போனால் யோசிப்பதையே விட்டுவிடுவோம்." இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இது என் தொழில் சம்பந்தப்பட்டது.

டாக்டர் பால் பிராண்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வேக்காரர் ஹான்சன் 1873-லேயே கண்டுவிட்டார். ஆனாலும் ஊரில் அது பாவத்தின் சம்பளம்தான். விரல்கள் தானாக அழுகி விழும் என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். சதை நன்றாகத்தான் இருந்தது. நரம்பு செத்து, வலி தெரியாமல் போனதுதான் விஷயம். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், சுட்டது தெரியாது. காலில் ஆணி குத்தும், நடந்துகொண்டே இருப்பார்கள். அப்படியும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் காணாமல் போனது எப்படி? ராத்திரி விழித்திருந்து காவல் பார்த்தார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. நோயாளி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

சாபம் என்று முடிவு கட்டினவர் ராத்திரி எதற்கு விழித்திருக்க வேண்டும்? அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள்தான் லாந்தரோடு உட்கார்ந்தார்கள். பிராண்ட் தசைநாரை இடம் மாற்றிவைத்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துகிற ஆப்பரேஷனைச் செய்தார். அந்த மனுஷனுக்கு ஏன் தொழுநோய் வந்தது என்று கடைசி வரைக்கும் அவர் விளக்கவில்லை. அந்தக் கையால் இனி ஒரு தம்ளரைப் பிடிக்க முடியுமா என்று பார்த்தார்.

13 மார்ச், மாலை 6.40

பொறுமையாக யோசித்துப் பார்த்தால், மேலே சொன்னதில் இரண்டு விதமான 'தெரியாது' கலந்திருக்கிறது. எலி விஷயம் தேடினால் கிடைக்கும் விடை. அதைத் தேடாமல் விட்டால் அது சோம்பேறித்தனம்தான், அந்த நண்பர் சொன்னது சரி. "இது ஏன் இவளா இருக்கணும்" என்பது வேறு. அதற்கு இன்னும் நல்ல நுண்நோக்கி வந்தாலும் விடை வராது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதே பெரிய ஞானம் என்று எனக்குப் படுகிறது.

14 மார்ச், இரவு 11.30

தமிழாசிரியர் ஐயா, "அறிதோறு அறியாமை கண்டற்றால்" என்ற குறளை இங்கே கொண்டுவந்ததற்கு மகிழ்ச்சி. காமத்துப்பாலில் வருகிறது என்று தயங்கியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். நேசிக்கிற ஒருவரை அறிய அறிய இன்னும் அறியாதது தெரிகிறது என்றால், அது தேவனுக்கு எவ்வளவு பொருந்தும்!

19 மார்ச், மாலை 4.15

சுனாமியைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வார்டில் அப்போது நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். வேலை நேரம் முழுவதும் அவள் போன் பாக்கெட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இவள் கூப்பிட்டால் மட்டும் ஊருக்கு லைன் கிடைக்கவில்லை.

அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். தண்ணீர் பேராலயத்துக்குள் வரவில்லை என்று ஒரு சாரார் அதைப் புதுமை, அதாவது அற்புதம், என்றார்கள். இன்னொரு சாரார் விக்கிரக ஆராதனைக்கு வந்த தண்டனை என்றார்கள். நான் மெதடிஸ்ட். எங்கள் பக்கத்து ஆட்கள் இதைச் சொன்னதை என் காதால் கேட்டேன். இரண்டு சாராருக்கும் தெளிவான விளக்கம் இருந்தது. மணலில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் மட்டும் எந்த விளக்கமும் இல்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு சொன்னது லூக்கா 13-இல் இருக்கிறது. எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளோ? அப்படியல்ல என்கிறார். "அதே வசனத்தில் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்றும் சொல்கிறாரே" என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறார். யாரைப் பார்த்து? செய்தி கொண்டுவந்தவர்களைப் பார்த்து, உயிரோடு நின்று பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குற்றமாகச் சொல்லவில்லை.

20 மார்ச், காலை 8.30

2020-இல் இங்கே சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் (கொரோனா ஊரடங்கு) சமயத்தில் வந்த ஃபார்வர்டு மெசேஜ்களும் இதே ரகம்தான். தொழிலாளர் தங்கும் விடுதிகளில் தொற்று பரவியபோது, "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற 91-ஆம் சங்கீதத்தை இன்ஷூரன்ஸ் பத்திரம் போல அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே சங்கீதத்தைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் மேற்கோள் காட்டினான். இயேசு குதிக்கவில்லை. எனக்கு அந்தச் சங்கீதம் உயிர். பிபிஇ (பாதுகாப்பு உடை) மாட்டுவதற்கு முன் அதைச் சொல்லித்தான் உள்ளே போவேன். சொல்லிவிட்டு முகக்கவசத்தை இறுக்கிக் கட்டுவேன்.

22 மார்ச், இரவு 9.15

"அப்படியானால் எல்லா மதமும் ஒன்றுதான் என்கிறீர்களா? நமக்கே தெரியாது என்றால் எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்?"

இல்லை, அப்படிச் சொல்லவில்லை. யோவான் 9-க்கே திரும்பிப் போங்கள். கண் திறந்த அந்த மனுஷனைப் பரிசேயர்கள் குடைந்து எடுக்கிறார்கள். இயேசுவைப் பாவி என்கிறார்கள். அதற்கு அவன், "அவர் பாவியென்று எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். தெரியாததைத் தெரியாது என்றான். தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக வெளியே தள்ளப்பட்டான். என் ஆண்டவர் யாரென்று எனக்குத் தெரியும். அதில் எனக்குத் தடுமாற்றமில்லை.

எதிர்வீட்டு ஆண்ட்டி முருக பக்தை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். என் மாமியார் படுத்தபடுக்கையானபோது, நான் ஷிஃப்டுக்குப் போகிற நாளெல்லாம் தாழ்வாரத்தைத் தாண்டி வந்து கஞ்சி ஊட்டினார். அவரிடம் என் விசுவாசத்தைச் சொல்லியிருக்கிறேன். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்லிப் பேதுரு எழுதியிருக்கிறார், அப்படித்தான் சொன்னேன். ஆண்ட்டியின் ஆத்துமாவைத் தேவன் என்ன செய்வார் என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது. பேதுரு மற்றொரு சீஷனைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்டபோது, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்ற பதில்தான் வந்தது. எனக்கும் அதுதான் பதில்.

27 மார்ச், மாலை 7.00

எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் அவன் பாவமே காரணம் என்று வாதாடின சிநேகிதரை யாரும் இன்னும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன், இன்று வந்துவிட்டார்கள். அவர்கள் பேசினதெல்லாம் தப்பான உபதேசமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதுதான் பயப்பட வேண்டிய இடம், தம்பி. தனித்தனியாக எடுத்தால் அவர்கள் பேச்சில் பாதி, பிரசங்கத்தில் கேட்டால் ஆமென் போடலாம். ஆனால் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூளுவது கேள்வி கேட்டுக் கத்தின யோபுவின்மேல் அல்ல. என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்று கர்த்தருக்காக வாதாடின அந்தச் சிநேகிதரிடம்தான் சொல்கிறார்.

அதே சிநேகிதர்கள் முதலில் வந்தபோது இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் நல்ல சிநேகிதர்கள்தான்.

என் கணவர் தவறியபோது எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்கில்தான் (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில்) வைத்திருந்தோம். நிறைய பேர் வந்து நிறையச் சொன்னார்கள், எதுவும் நினைவில்லை. கணவரோடு வேலை பார்த்த ஒருவர், சபைக்கு வருகிறவரும் இல்லை, தினம் சாயங்காலம் வந்தார். பாக்கெட் பானங்களை ஐஸ் பெட்டியில் அடுக்குவார். மேசையில் கச்சான் (வேர்க்கடலை) தோலைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டை நிரப்புவார். எல்லாரும் போன பிறகு சிவப்பு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்.

2 ஏப்ரல், மதியம் 2.30

குருத்தோலை ஆராதனை முடிந்து வந்து படிக்கிறேன். இறையியல் மேதை தாமஸ் அக்குவினாஸ் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினவர் ஆயிற்றே என்கிறார் ஒரு கத்தோலிக்க நண்பர். எழுதினார். 1273 டிசம்பர் 6, திருப்பலிக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூட இருந்த சகோதரர் வற்புறுத்தியும் எழுதவில்லை. நான் கண்டதற்கு முன் நான் எழுதினதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகிறது என்றார். அடுத்த மார்ச்சில் இறந்தார், அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய இறையியல் நூல் முடியாமலே நின்றுவிட்டது. அதனால் அவர் எழுதினது வீண் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் யோசித்தவர்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

8 ஏப்ரல், காலை 10.20

நேற்றுப் பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் பேசின ஏழு வார்த்தைகளையும் தியானித்தோம். நாலாவது வார்த்தைக்கு வந்தபோது இந்த இழைதான் நினைவுக்கு வந்தது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

குமாரனே ஏன் என்று கேட்டார். வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. ஞானஸ்நானத்தில் வந்தது, மறுரூப மலையில் வந்தது, சிலுவையில் வரவில்லை. பிதா பேசாத அந்த நேரத்தில், கீழே நின்றவர்களில் சிலர் மட்டும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலியாவைக் கூப்பிடுகிறான் என்றார்கள். தேவன்மேல் நம்பிக்கையாயிருந்தானே என்றார்கள்.

மரியாள் அங்கே நின்றாள். அவள் ஏதாவது பேசினதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

11 ஏப்ரல், இரவு 8.50

பிரதர், அந்த அம்மாவின் மகன் மறுபடியும் வார்டில் சேர்ந்திருக்கிறார், வியாழக்கிழமை குரூப்பாகப் போகிறோம், என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்கு நன்றி.

எல்லாரும் ஒரே சமயத்தில் கட்டிலைச் சுற்றி நிற்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஜெபிக்கலாமா என்று மகனிடம் கேளுங்கள், அம்மாவிடம் அல்ல. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கீமோவில் இருப்பவர் என்றால் பூவும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், குமட்டும். சளி, இருமல் உள்ளவர் வீட்டிலேயே இருந்து ஜெபிக்கட்டும். "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை மாற்றுங்கள்.

அந்த அம்மா ஏன் என்று மறுபடியும் கேட்பார். அப்போது உங்கள் செல் லீடரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்து, ராத்திரி யார் கூட இருக்கிறார்கள், வீட்டில் வேறு யாரைக் கவனிக்க வேண்டும், ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி மருத்துவ சமூக ஊழியரிடம் பேசியாயிற்றா என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் வார்டுத் தாதியிடம் சொன்னாலே ஏற்பாடு செய்வார்கள். உங்கள் குரூப்பில் கார் வைத்திருப்பவர்கள் யார் யார், எந்த நாளில் முடியும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, என் பெயரையும் அதில் போடலாம்.